கடற்கரையில் ஒரு புதையல்

ஒளித்து வைப்பதற்கு உகந்த இடம் எதுவென்று இலங்கையின் பழஞ்சரித்திரத்தைக் கேட்டால், அது நம் கொத்மலையைத்தான் சுட்டிக்காட்டும். தந்தையின் கோபத்துக்கு ஆளான துட்டகைமுனு இளவரசன் இம்மலைகளிடையே மறைந்து வாழ்ந்தான் என்பது மரபு. கி.பி. 1215ஆம் ஆண்டிலே கலிங்கத்து மாகன் படையெடுத்து வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றியபொழுது, பிக்குகள் புத்தபிரானின் புனித தந்தத்தையும் பிட்சா பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கொத்மலையை அடைந்து, அவற்றை நிலத்திலே புதைத்துக் காத்தனர் என்று சூளவம்சம் கூறுகின்றது. மூன்றாம் விஜயபாகு மன்னன் காலத்தில்தான் அவை மீண்டும் வெளியுலகைக் கண்டன.

பகைவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அன்று ஒளித்தார்கள். இன்றோ, முன்பின் அறியாத ஒருவர் வந்து கண்டெடுக்கவேண்டும் என்பதற்காகவே ஒளிக்கும் ஒரு விளையாட்டு உலகெங்கும் பரவியிருக்கின்றது. "ஜியோகேஷிங்" என்பது அதன் பெயர். நாம் அதனை இடக்குறிப் புதையல் என்று அழைப்போமே!

இந்த விளையாட்டின் பிறப்பே ஒரு சுவையான கதை. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், இருபத்துநான்குக்குக் குறையாத செய்மதிகள் இடையறாது சுற்றிவந்து சைகைகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் நான்கின் சைகையையேனும் ஒரு கருவி பெற்றுவிட்டால், தான் பூமியில் எவ்விடத்தில் இருக்கின்றது என்பதை அது கணித்துச் சொல்லிவிடும். ஆயினும், அமெரிக்க அரசாங்கம் தன் பாதுகாப்பைக் கருதி, பொதுமக்களுக்குக் கிடைத்த சைகைகளில் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தியிருந்தது. நூறு மீற்றர் வரை இடம் தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் அந்நாட்டின் ஒரிகன் மாநிலத்திலே, பீவர்க்றீக் என்னும் ஊருக்கு அருகில், ஒரு வாளியைக் காட்டுப்புறத்தில் ஒளித்துவைத்தார். வாளிக்குள் சில புத்தகங்கள், ஒரு கவண், ஓர் அவரை டின், எழுதுவதற்கு ஒரு குறிப்பேடு முதலியன இருந்தன. "இந்த இடத்தின் எண்கள் இவை, முடிந்தால் கண்டுபிடியுங்கள்" என்று அவர் அறிவித்தார். மூன்று நாட்களுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டனர்! இன்று இத்தகைய பெட்டிகள் உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேல் ஒளிந்துகிடக்கின்றன. சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியே இப்பொழுது வழிகாட்டும் கருவியாகிவிட்டது.

இதற்கும் முன்னோடி உண்டு. 1854ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் வழிகாட்டியாக வாழ்ந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், நடந்துசெல்வதற்கு அரிய ஒரு சதுப்புக் குட்டையின் அருகே ஒரு போத்தலை வைத்தார். அங்கே வந்துசேர்ந்தவர்கள் தத்தம் பெயர்ச்சீட்டை அதற்குள் இட்டுச் சென்றனர். "நானும் இவ்விடத்துக்கு வந்தேன்" என்று ஒரு வரி எழுதிவைக்கும் ஆசை மனிதனுக்கு இயல்பானதுதானே!

விளையாட்டின் விதிகள் எளியன. பெட்டியைக் கண்டெடுத்தவர் அதிலுள்ள குறிப்பேட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுதவேண்டும். உள்ளே இருக்கும் சிறுபொருள் எதையேனும் எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான வேறொன்றை வைக்கவேண்டும். உணவுப் பண்டம் வைத்தல் ஆகாது. மண்ணைத் தோண்டிப் புதைத்தல் ஆகவே ஆகாது. நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். கண்டவர் அப்பெட்டியை இருந்த இடத்திலேயே முன்போல் மறைத்துவிட்டு வரவேண்டும். பெட்டியே இல்லாத ஒரு வகையும் 2004ஆம் ஆண்டு முதல் இருந்துவருகின்றது. அங்கே பூமியின் இயற்கை அமைப்பே புதையல். அவ்விடத்துக்குச் சென்று, உற்றுநோக்கி, கேட்கப்பட்ட வினாவுக்கு விடை எழுதினாற் போதும்.

மேலைநாட்டவரின் பொழுதுபோக்கு நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். காரணம் இருக்கின்றது. அதனை அறிய, மலையிலிருந்து கடற்கரைக்கு ஒருமுறை இறங்கிச் செல்லவேண்டும். நான் கூறுவது மன்னார்த் தீவின் மேற்கு முனையிலுள்ள தலைமன்னார் என்னும் பழம்பெரும் மீனவக் கிராமத்தை.

மாணவச் செல்வங்களே, முதலில் ஒரு சிறு கணக்கு. கொத்மலை அணைக்கட்டு ஏறத்தாழ வட அகலாங்கு 7 பாகை 4 கலையிலும், கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 36 கலையிலும் அமைந்துள்ளது. தலைமன்னார் இறங்குதுறை ஏறத்தாழ வட அகலாங்கு 9 பாகை 6 கலை. கிழக்கு நெட்டாங்கு 79 பாகை 44 கலை. அகலாங்கில் ஒரு கலை என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர். நெட்டாங்கில் ஒரு கலை, நம் நாட்டு அளவில் அதைவிடச் சற்றே குறைவு; 1.84 என்று கொள்ளுங்கள். வடக்கே 122 கலையும் மேற்கே 52 கலையும் என்றால், பைதகரசின் தேற்றத்தைத் துணைக்கொண்டு நேர்கோட்டுத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். 245 கிலோமீற்றர் அளவில் விடை வந்தால் உங்கள் கணக்குச் சரி.

புகையிரதப் பாதை வழியே செல்வதாயின், மலைநாட்டுப் பாதையில் இறங்கிப் பொல்காவலைச் சந்தியில் வடபாதைக்கு மாறி, மதவாச்சி வழியாகத் தலைமன்னாரை அடையவேண்டும். போரினால் 1990இல் அறுந்துபோன மன்னார்ப் பாதை, 2015ஆம் ஆண்டில் தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. புறப்படுமுன் சேவைகளின் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுதல் நலம்.

தேயிலைச் சரிவுகளையே கண்டு பழகிய கண்களுக்கு இந்த ஊர் ஒரு புதுமை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பனைமரங்கள், வெண்மணல், அதற்கப்பால் எல்லையற்ற நீர். நம் லயத்து அடுப்பிலே மணக்கும் கருவாடு இங்கே மணலிலும் பாயிலும் காய்ந்துகொண்டிருக்கும். கொத்மலைப் பள்ளத்தாக்கிலே மலைகளும் மரங்களும் செய்மதியின் சைகையைத் தடுப்பதுண்டு. இங்கோ வானம் முழுவதும் திறந்துகிடப்பதால் கருவி இடத்தைத் துல்லியமாகக் காட்டும். இடக்குறிப் புதையலைத் தொடங்குவோருக்கு இதைவிட நல்ல களம் வாய்ப்பது அரிது.

இவ்வூரில் ஒரு பல கட்டப் புதையலை எப்படி அமைக்கலாம் என்று பார்ப்போம். முதற் கட்டம் இறங்குதுறை. இரண்டாவது, அதனை அடுத்து நிற்கும் பழைய வெளிச்சவீடு. மூன்றாவது, கரையோரமாக மேற்கு நோக்கி நடந்தால் எதிர்ப்படும் மீனவர் படகுகள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு வினா. அதன் விடையே அடுத்த இடத்துக்கு வழிகாட்டும். இறுதிக் கட்டம் உருமலைப் பக்கத்துக் கரை. அங்கே நின்று பார்த்தால், இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கப்படும் மணற்திட்டு வரிசை இந்தியாவை நோக்கி நீள்வது விளங்கும். அப்பால் தனுஷ்கோடி முனை சுமார் 30 கிலோமீற்றர் தூரந்தான். ஆழமற்ற இக்கடலில் நீரோட்டமும் அலையும் மணலைக் கொணர்ந்து குவிப்பதும் கலைப்பதும் ஓயாத தொழில். இங்கே பெட்டி எதற்கு? இக்காட்சியே பூமி சாத்திரத்தின் ஒரு பாடம்.

மூன்றாவது கட்டத்திலே சற்றுத் தாமதியுங்கள். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் சொல்லும் மீனவப் பெரியவர் ஒருவரை அணுகி, "ஐயா, கடலுக்குள்ளே வலை போட்ட இடத்தை மறுநாள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். இன்று செய்மதிக் கருவி வைத்திருப்போர் பலர். ஆனால், அது வருமுன்னரே கடலோடிகள் கையாண்ட முறை ஒன்று உண்டு. கரையிலுள்ள உயர்ந்த பனை ஒன்றையும் அதற்குப் பின்னால் தெரியும் கோயிற் கோபுரத்தையும் ஒரே நேரில் வரும்படி பார்ப்பார்கள். மறுபக்கத்திலும் அவ்வாறே இரண்டு அடையாளங்களை நேர்ப்படுத்துவார்கள். இரண்டு கோடுகளும் எங்கே வெட்டுகின்றனவோ அதுதான் வலை கிடக்கும் இடம்! அகலாங்கும் நெட்டாங்கும் வெட்டிக்கொள்ளும் புள்ளியும் இதே தத்துவந்தானே? பள்ளிக்கூடத்து வரைபுத் தாளிலே நீங்கள் கற்பதை, ஏட்டுப் படிப்பில்லாத கடலோடி தன் கண்ணாலே கற்றிருக்கின்றான்.

இனி, முதற் கட்டமாகிய இறங்குதுறைக்கு மீண்டும் வருவோம். அங்கேதான் உண்மையான புதையல் இருக்கின்றது.

1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் தோணியேறி வந்து மன்னார்க் கரையோரத் துறைகளில் இறங்கினர். மணலிலே கால் வைத்தவர்களுக்கு மலை எங்கே இருக்கின்றது என்பதே தெரியாது. கங்காணியின் பின்னே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கி ஏறத்தாழ 150 மைல் தூரம் காட்டுவழி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் எத்தனையோ பேரை வழியிலேயே வீழ்த்தின. கடல்தானும் இரங்கவில்லை, 1864ஆம் ஆண்டில் "ஆதிலட்சுமி" என்ற கப்பல் மூழ்கித் தொழிலாளர் பலர் கரையைக் காணாமலே மாண்டனர். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்களும் பலர். அவர்கள் இக்கொடிய வழியைப் போக ஒருமுறையும் வர ஒருமுறையுமாக நடந்தார்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். வழியில் விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கல்லும் இல்லை. கல்லில் ஒரு பெயரும் இல்லை.

1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. புகையிரதமும் தலைமன்னாரை எட்டியது.  மண்டபம் முகாமிலே நோய்ச் சோதனை முடிந்த மக்கள் இத்துறையில் வந்து இறங்கினர். அக்காலத்து வழக்கம் ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும்பொழுது ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. மாவட்டத்தின் குறி, தோட்டத்தின் எண், ஆளின் எண் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைக் கயிற்றிலே கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டு வந்தனர் நம் முன்னோர். எங்கே போகின்றோம் என்பதை அவர்கள் அறியார். அவர்கள் கழுத்திலிருந்த எண் அறிந்திருந்தது!

வந்த துறையே போகும் துறையும் ஆயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கிட்டது. எஞ்சியோரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதென்று ஒத்திவைத்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதப் புயலிலே தனுஷ்கோடி அழிந்துபோக, அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடிற்று. மலைநாட்டு நிலையங்களிலிருந்து புறப்பட்ட புகையிரதத்தை மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று அழைத்தனர். பிறந்த லயத்தையும், நட்ட மரத்தையும், உடன்பிறந்தாரையும் விட்டுப் பிரிந்தவர்கள் இதே தலைமன்னாரில் கப்பலேறினர். 1980களில் போர் மூண்டபின் அக்கப்பலும் நின்றுபோயிற்று. கொத்மலையிலும் ஹட்டனிலும் உள்ள குடும்பங்கள் பலவற்றில், அன்று போன பெரியப்பாவையோ அத்தையையோ பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை அல்லவா?

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, ஜூலை 28ஆந் தேதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த வழியே நடந்து, ஓகஸ்ட் 12ஆந் தேதி அது மாத்தளையை அடைந்தது. மலையகத்தாரோடு வழியோரத்து ஊரவரும் பிற இனத்தவரும் அதிற் கலந்துகொண்டனர். அந்த நடை ஓர் உண்மையை உணர்த்திற்று. ஓரிடத்தைப் பற்றிக் கேட்டறிதல் வேறு. அவ்விடத்துக்கே சென்று காலால் மிதித்தறிதல் வேறு.

இடக்குறிப் புதையலை நம் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது இதனாலேதான். அன்று எண் நம்மவரின் கழுத்திலே தொங்கியது. மற்றவர்கள் அதைப் படித்து நம்மவரை ஓரிடத்துக்கு அனுப்பினார்கள். இன்று எண் நம் பிள்ளையின் கையிலே இருக்கின்றது. அவனும் அவளும் தாமாகவே அதைப் படித்து, தாம் விரும்பிய இடத்தைத் தேடிச் செல்கின்றார்கள். கல் நாட்டுவதற்குப் பணம் வேண்டும், நிலம் வேண்டும், அதிகாரிகளின் உத்தரவு வேண்டும். ஓரிடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் ஒரு கொப்பியிலே குறித்துவைப்பதற்கு அவை ஒன்றும் வேண்டா.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் மண்வெட்டியைத் தேடாதீர்கள். பழம்பொருள் நாடி அனுமதியின்றி நிலத்தைத் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி குற்றமாகும். மன்னார் போர் நடந்த மாவட்டம் ஆதலால், பழகிய பாதையை விட்டு விலகாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அக்கணமே திரும்பிவிடுங்கள். கடற்படையினர் நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள். மணற்திட்டுகளின் பகுதி காக்கப்பட்ட தேசிய வனமாகும்; அங்கே எதையும் எடுக்கவோ விட்டுவரவோ கூடாது. மீனவர் வலையை மிதிக்காதீர்கள். அது அவர்களுடைய சோறு. வயதுவந்த ஒருவரின் துணையின்றி எந்தப் பிள்ளையும் செல்லலாகாது.

கடற்கரைக்குச் செல்ல வசதி வாய்க்கும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கொத்மலையிலேயே இன்று தொடங்கலாம். 87 மீற்றர் உயரமுள்ள கொத்மலை அணை 1985ஆம் ஆண்டு நிறைவெய்திய காலத்தில், பள்ளத்தாக்கிலிருந்த கிராமங்களும் வயல்களும் வழிபாட்டிடங்களும் நீருக்குள் மறைந்தன. அங்கு வாழ்ந்தோரிற் பலர் தொலைவிலுள்ள மகாவலிக் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தனர். நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில் கடதொர விகாரையின் சிதைவுகள் தலைகாட்டுவதைக் காண மக்கள் திரள்வதுண்டு. நீர் வீட்டை மூடும், வயலை மூடும், ஆனால் அந்த இடத்தின் எண்ணை மூடாது. முழுகிப்போன முற்றம் எந்தப் பாகையில், எந்தக் கலையில் இருந்ததோ அங்கேயேதான் இருக்கின்றது.

ஆகவே, வரும் விடுமுறையில் வீட்டிலுள்ள பாட்டியையோ தாத்தாவையோ கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். பழைய பிரட்டுக்களம் எங்கே இருந்தது? கொழுந்து மடுவம் எங்கே? இடிந்துபோன முதல் லயம் எங்கே? அவர்கள் காட்டும் இடத்திலே நின்று, கைத்தொலைபேசி தரும் எண்களைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எண்ணுக்கு எதிரே இடத்தின் பெயர். அதற்குக் கீழே, அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள். தோட்டத்தாரின் அனுமதி கிடைத்தால், மழைநீர் புகாத சிறு டப்பா ஒன்றில் குறிப்பேடும் பென்சிலும் இட்டு, உங்கள் பாடசாலைத் தோழர்கள் தேடிவரும்படி அருகே மறைத்துவையுங்கள்.

பின்னர் ஒருநாள் தலைமன்னாருக்குச் செல்லும்பொழுது அந்தக் கொப்பியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். இறங்குதுறை அருகே நின்று அதன் எண்களையும் அதே கொப்பியில் எழுதி, கீழே உங்கள் பெயரையும், உங்களுக்குத் தெரிந்த மட்டில் பாட்டன் பூட்டன் பெயர்களையும் தேதியோடு எழுதுங்கள். வந்திறங்கியபொழுதும் பிரிந்துசென்றபொழுதும் அவர்களுக்குக் கிடைக்காத ஒரு பக்கம் அது. தெளிவான கையெழுத்தில், தமிழிலேயே எழுதுங்கள்.